தங்கச்சியின் நல்ல கிருமி

ரத்தோட்டை
21 ஜனவரி 2024

அன்புள்ள தங்கச்சி நிஷாந்தினிக்கு,

மாதாவின் துணையால் நானும் மார்ஜரியும் பிள்ளை டயனாவும் சுகம். டென்மார்க்கில் பனி கொட்டுவதை டீவியில் காட்டினார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனில் பேசினால் "சாப்பிட்டியா அண்ணே" என்பாய், "சாப்பிட்டேன்" என்பேன், அதற்குள் லைன் அறுந்துவிடும். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மேகம் இறங்கினால் நம் வீட்டு சிக்னலும் கூடவே போய்விடுகிறது. ஆகவே நீ பேராதனைக் கம்பஸில் படித்தபோது எழுதிக்கொண்ட மாதிரியே எழுதிக்கொள்வோம்.

போன ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ரொமேஷ், தங்கச்சி அங்க என்னதான் படிக்கிறாங்க?" என்றார். "தயிர்ல இருக்கிற மாதிரி நல்ல கிருமிய வச்சி, கைக்குழந்தைங்களுக்குத் தோல்ல வர்ற கரப்பானக் கொணப்படுத்தப் போறா ஃபாதர்" என்றேன். அவர் அதை அப்படியே எல்லாருக்கும் சொல்ல, கோயில் வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மார்ஜரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை.

தம்புள்ளைச் சந்தையில் மட்டும் சின்னச் சிக்கல். என் லொறியில் வரும் மரக்கறியை எடுக்கும் நுஹ்மான் நானா, "தயிர்க் கிருமி வயித்துக்குத்தானே நல்லம், தோலுக்கு என்ன செய்யும்?" என்று கேட்டார். கொஞ்சம் விளக்கமாக எழுது. அண்ணன்காரன் வாயடைத்து நிற்கக் கூடாது.

டயனாவுக்கும் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்திருக்கிறது. மாத்தளையில் தோல் டொக்டர் ஒரு கிறீம் கொடுத்தார். அத்தையே அதற்கு மருந்து செய்கிறாள், எங்களுக்கு என்ன பயம்?

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக உறங்கு.

உன் அண்ணன்
ரொமேஷ்


ஆர்ஹூஸ்
9 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். காதையும் மூடிக்கொள்கிறேன். அண்ணிக்கும் என் செல்லத்துக்கும் முத்தங்கள்.

நுஹ்மான் நானாவுக்கு இப்படிச் சொல். குடல் சாப்பாட்டுப் பை மட்டும் அல்ல. உடம்பைக் காக்கும் காவல்காரர்களில் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறார்கள். எதை எதிரி என்று பார்ப்பது, எதைச் சும்மா விடுவது என்று அவர்கள் பழகும் இடமும் அதுதான். கரப்பான் உள்ள பிள்ளைகளில் காவல்காரர்கள் தேவை இல்லாமல் கோபப்படுகிறார்கள். சில கிருமிகள் அவர்களைச் சாந்தப்படுத்தலாம் என்பது எங்கள் எண்ணம். எண்ணம்தான் அண்ணே, இன்னும் முடிவு இல்லை.

இன்னொன்றும் முக்கியம். "நல்ல கிருமி" என்று ஒன்று கிடையாது, ஆயிரம் உண்டு. நீ மிளகாய் ஏற்றுகிறவன், உனக்குச் சொல்லத் தேவை இல்லை. காரமில்லாத கறிமிளகாயும் மிளகாய்தான், நாக்கைச் சுடும் கொச்சிக்காயும் மிளகாய்தான். ஒன்றைக் கேட்டவனுக்கு மற்றதைக் கொடுத்தால் என்ன ஆகும்? கிருமியும் அப்படித்தான். நாங்கள் பார்க்கும் லாக்டோபசிலஸ் என்ற ஒரே பெயருக்குள்ளும் பல கிளைகள். வாய்க்குள் வாழும் வேறு கிருமியின் ஒரு கிளை, பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தொண்டை நோவைக் குறைக்குமா என்று பார்க்கிறார்கள். பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும், சிறுநீர் எரியும் சலக்கடுப்புக்கு இன்னொன்று. மனப் பாரத்துக்குக்கூட ஒரு கிளையைச் சோதிக்கிறார்கள், அதெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். இந்தியாவில் பிறந்த பச்சைப் பிள்ளைகளுக்கு ஒரு கிளையைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், இரத்தத்தில் நோய் பரவுவதும் சாவும் சேர்த்துப் பார்த்தால் குறைந்தது. அதைப் படித்த நாளில்தான் நான் இந்தத் துறைக்கு வர முடிவு செய்தேன். ஒரு கிளை செய்ததை அதன் பக்கத்துக் கிளை செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது.

டயனாவுக்கு டொக்டர் சொன்னபடி கிறீமைப் பூசுங்கள். தயவுசெய்து கோயிலில் இனி ஒன்றும் சொல்லாதே.

பாசமுள்ள தங்கை
நிஷா


ரத்தோட்டை
10 மார்ச் 2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். மழை இல்லை. கரட் விளைச்சல் பரவாயில்லை.

மிளகாய்க் கதையை நுஹ்மான் நானாவிடம் சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இப்ப வெளங்குது" என்றார். பிறகு அவரே பக்கத்துக் கடைக்காரருக்குச் சொன்னார். மாலைக்குள் பாதிச் சந்தைக்கு உன் பெயர் தெரிந்துவிட்டது. மனப் பாரத்துக்கே கிருமி இருந்தால், கோபத்துக்கும் ஒன்று பார்க்கச் சொல்லி ஒரு கமிஷன்காரரின் பையன்கள் கேட்டார்கள். அவர்களின் அப்பாவுக்காம்.

கோயிலில் நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் வந்து கேட்கிறார்கள், என்ன செய்வது? அப்பா தோட்ட லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் உன்னைப் படிக்க வைத்தபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்ட வாய்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. மேட்டு லயத்து சிவரூபினியின் மகனுக்கும் கரப்பான். "உங்க தங்கச்சி மருந்து எப்ப வரும் அண்ணே?" என்று வழியில் நிறுத்திக் கேட்கிறாள். கீழ்வீட்டுப் பிள்ளைக்கும் அதேதான்.

ஒரு போத்தல் அனுப்ப முடியுமா? நம் பிள்ளைக்கு மட்டும்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

அண்ணன்
ரொமேஷ்


ஆர்ஹூஸ்
5 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துக்கள். நான் நல்ல சுகம். இங்கே மரங்களில் இப்போதுதான் மொட்டுத் தெரிகிறது.

போத்தல் அனுப்ப முடியாது. கோபிக்காதே. எங்கள் ஆய்வில் பாதிப் பிள்ளைகளுக்குக் கிருமி கலந்த சொட்டு, மீதிப் பிள்ளைகளுக்கு வெறும் எண்ணெய்ச் சொட்டு. யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த விவரம் பூட்டி இருக்கிறது. அடுத்த மாதம் திறப்போம். நான் இப்போது ஒரு போத்தலை எடுத்து அனுப்பினாலும், நம் பிள்ளைக்குப் போவது எது என்று எனக்கே தெரியாது.

ஆனாலும் உனக்கு ஒன்று சொல்கிறேன், உனக்கு மட்டும். நேற்று ஒரு தாய் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் வந்தபோது முகம் முழுக்கச் சிவந்து, சொறியாதிருக்கக் கையில் உறை போட்டுக் கட்டி வைத்திருந்த பிள்ளை. நேற்று அவன் கன்னம் பால் மாதிரி இருந்தது. நான் வெளியே போய்ப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை
நிஷா


ரத்தோட்டை
5 மே 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருப்பாய். பால் மாதிரிக் கன்னம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் அன்று தம்புள்ளை வரைக்கும் பாடிக்கொண்டே லொறி ஓட்டினேன்.

நீ அனுப்ப முடியாது என்றதால் நானே கண்டிக்குப் போய் ஒரு கடையில் கேட்டேன். வெளிநாட்டுப் பெட்டி. நீ எழுதுகிற அதே லாக்டோபசிலஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. குளிகையை உடைத்துப் பாலில் கலந்து பிள்ளைக்குக் கொடுக்கிறோம். கடைக்காரர், "இது இயற்கை, ஒண்ணும் செய்யாது" என்றார்.

பூட்டைத் திறந்தவுடன் எழுது. காத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்
ரொமேஷ்


ரத்தோட்டை
16 ஜூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னிடம் இருந்து ஒரு வரியும் வரவில்லை. போனிலும் "வேலை அண்ணே" என்று வைத்துவிடுகிறாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

முடிவு வந்திருக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெரிய விஷயம், பேப்பரில் போட்ட பிறகுதான் வெளியே சொல்லுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

இங்கே மழை. வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்
ரொமேஷ்


ஆர்ஹூஸ்
28 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். எழுதாததற்கு மன்னித்துக்கொள். இங்கே இப்போது வெகு நேரம் வெளிச்சம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுத்தான் தூங்க வேண்டும்.

ஆய்வு வேலை கொஞ்சம் இழுபடுகிறது. பிறகு எழுதுகிறேன். அந்தப் பெட்டியில் கிளையின் பெயரோ எண்ணோ போட்டிருக்கிறதா என்று பார். இல்லை என்றால் கொடுக்க வேண்டாம்.

டயனா எப்படி இருக்கிறாள்? போன கடிதத்தில் நீ அவளைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

நிஷா


ரத்தோட்டை
14 ஜூலை 2024

அன்பு நாத்தனார் நிஷாந்தினிக்கு,

மார்ஜரி எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லாதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது.

டயனா இப்போது நல்ல சுகம். அதை முதலில் எழுதிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

பெட்டி வந்த நாளில் உங்கள் அண்ணன், "இனி அந்தக் கிறீம் வேணாம். அது கடும் மருந்து. இது நிஷா வேல செய்ற சாமான்" என்றார். எனக்கும் அந்தக் கிறீமில் பயம் இருந்தது. நிறுத்தினோம். கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முழங்காலிலும் கழுத்திலும் ஏறியது. பிள்ளை சொறிந்து சொறிந்து புண்ணாகி, மஞ்சள் நீர் வடிந்து, ஜூன் தொடக்கத்தில் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. லொறியிலேயே மாத்தளை ஒஸ்பிட்டலுக்குக் கொண்டுபோனோம். வார்டில் வைத்து ஊசி போட்டார்கள். நோய் இரத்தத்தில் இறங்கப் பார்த்தது என்று டொக்டர் அம்மா சொன்னார். நாங்கள் தலை குனிந்து நின்றோம். அவர் ஏசவில்லை. "கிறீமை ஏன் நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். உங்கள் அண்ணன் வெளியே வந்து லொறிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அழுதார்.

"நிஷாவுக்கு எழுதாத, அவ படிப்பு கெட்டுப் போகும்" என்றார். நானும் எழுதவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அவர் இன்னும், "கடைக் கிருமி வேற, தங்கச்சிக் கிருமி வேற. அது வரட்டும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சிவரூபினியும் கீழ்வீட்டுப் பொம்பளையும் அதை நம்பி, கிறீமைப் பூசாமல் உங்கள் மருந்துக்குக் காத்திருக்கிறார்கள். நான் சொன்னால், "ஒங்க நாத்தனார் மேல ஒங்களுக்கே நம்பிக்க இல்லயா?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் ஆய்வில் என்ன வந்தது? நல்லதோ கெட்டதோ, உள்ளதை எனக்குச் சொல்லுங்கள். உங்கள் சொல்லைத்தான் இங்கே கேட்பார்கள்.

தேவ ஆசீர் உங்களோடு இருக்கட்டும்.

மார்ஜரி


ஆர்ஹூஸ்
30 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

டயனா சுகம் என்று தெரிந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அண்ணியைக் கோபிக்காதே அண்ணே. அவர் எழுதியிராவிட்டால் நான் இன்னும் பேசாமல் இருந்திருப்பேன்.

மே மாதமே பூட்டைத் திறந்துவிட்டோம். எங்கள் கிருமி வேலை செய்யவில்லை. சொட்டுக் குடித்த பிள்ளைகளுக்கும் வெறும் எண்ணெய் குடித்த பிள்ளைகளுக்கும் ஒரே அளவுதான் குறைந்திருக்கிறது. குறைந்தது அவர்கள் பூசிய கிறீமாலும், பிள்ளைகள் வளர வளரக் கரப்பான் தானாகக் குறைவதாலும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேனே, அந்தப் பால் கன்னத்துப் பையன், அவன் குடித்தது வெறும் எண்ணெய்.

உனக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். நீ கோயில் வாசலில் நிற்பதுதான் கண்ணில் வந்தது. எழுதவில்லை.

அதோடு இன்னொரு விஷயமும் இருந்தது. ஆய்வுக்கு உதவி செய்கிற கம்பனியின் ஆள் ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். வீட்டில் நாய் பூனை வளர்க்கும் பிள்ளைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் எங்கள் சொட்டு நல்லது மாதிரித் தெரிகிறது, அதை முன்னால் வைத்து எழுதலாம் என்றார். அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. உண்மையில் ஒரு துண்டை வெட்டிக் காட்டச் சொன்னார். பிள்ளைகளை அப்படிப் பத்து விதமாகப் பிரித்துப் பார்த்தால், ஏதாவது ஒரு பிரிவில் சும்மாவே நல்லதாகத்தான் வரும். என் பேராசிரியர், "யோசித்துச் சொல்" என்றார். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒத்துக்கொள்ளவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. என் அடுத்த வருஷ வேலை அந்தக் கம்பனியின் கையில் இருந்தது.

அண்ணியின் கடிதம் வந்த மறுநாள் காலையே பேராசிரியரின் அறைக்குப் போனேன்.

"முழு முடிவையும் கட்டுரையின் முதல் வரியில் போடாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"ஏன் இப்போது திடீரென்று?" என்றார்.

"என் அண்ணன் மகள் ஒஸ்பிட்டலில் இருந்தாள். எங்கள் ஊரில் இன்னும் இரண்டு தாய்மார் இந்தச் சொட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். நாய்க் கதையைப் போட்டால், உலகம் முழுக்க எத்தனை பேர் காத்திருப்பார்கள்?"

அவர் வரைவின் முதல் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். பிறகு, "எழுது. நானும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

அடுத்த வருஷ வேலை போய்விட்டது. இந்த வருஷ முடிவு வரை பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தெரியாது.

உள்ளது இதுதான். சிவரூபினியிடமும் கீழ்வீட்டிலும் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். டொக்டர் கொடுத்த கிறீமைச் சொன்ன அளவில் பூசட்டும், அதில் பயம் வேண்டாம். உனக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அண்ணே.

நிஷா


ஆர்ஹூஸ்
7 செப்டெம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் மூவரும் நலமா? என் கடிதம் கிடைத்திருக்கும். அண்ணி போனில், "கெடச்சிது, அண்ணன் எழுதுவாரு" என்றார். நீ போனுக்கு வரவில்லை.

எங்கள் கட்டுரையை ஒரு சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. என் பெயர்தான் முதலில் இருக்கிறது. ஒரு பிரதியை இதோடு வைத்து அனுப்புகிறேன். உனக்கு அது வேண்டாம் என்றால் அண்ணிக்குக் கொடு.

நிஷா


ரத்தோட்டை
6 ஒக்டோபர் 2024

என் அருமைத் தங்கச்சி நிஷாந்தினிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். டயனாவின் தோல் தெளிவாக இருக்கிறது, டொக்டர் சொன்னபடி பூசுகிறோம். நீ சாப்பிடுகிறாயா என்று மார்ஜரி கேட்கச் சொன்னாள்.

எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. உன் கடிதம் வந்த அன்று மாலையே சிவரூபினி வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போனேன். அது ஒன்றைத் தள்ளிப்போடவில்லை. கீழ்வீட்டில் சொல்வது லேசாக இருந்தது. "இனி காத்திருக்க வேணாம், பூசுங்க" என்றேன், சரி என்றார்கள். சிவரூபினி என்னை உற்றுப் பார்த்தாள். "அப்ப நீங்க சொன்னதெல்லாம்?" என்றாள். மேட்டில் இருந்து இறங்கி வந்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு ஆட்கள் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது. தம்புள்ளையில் சாமானை இறக்கியதும் லொறியைத் திருப்பிவிடுவேன். நுஹ்மான் நானா இரண்டு முறை கூப்பிட்டார், காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

உன் கட்டுரை வந்தது. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். மார்ஜரி அதை எஸ்டேட் ஸ்கூல் டீச்சர் சந்திரகாந்தாவிடம் கொண்டுபோனாள், நானும் பின்னால் போனேன். டீச்சர் முதல் பக்கத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்துத் தமிழில் சொன்னார். "இந்தச் சொட்டு குழந்தைகளின் கரப்பானைக் குறைக்கவில்லை" என்று அதில் இருக்கிறது. அப்படியே, மறைக்காமல். அதற்கு மேலே உன் பெயர். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரொமேஷ், செஞ்சது பலிக்கலன்னு இவ்வளவு தெளிவா எழுதறதுக்குத் தைரியம் வேணும். நானெல்லாம் எழுத மாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் லொறியில் கெட்டுப்போன போஞ்சிக் கூடை ஒன்று இருந்தால் அதை அடியில் வைத்து, நல்லதை மேலே வைத்து இறக்குகிறவன். எல்லாரும் அப்படித்தான். நீ உன் வேலையையே பணயம் வைத்துக் கெட்ட கூடையை மேலே தூக்கி வைத்திருக்கிறாய்.

போன வாரம் கிளினிக் நாள். டயனாவை நிறுக்க நானே தூக்கிக்கொண்டு போனேன். தாய்மார் வரிசையில் இருந்தார்கள், சிவரூபினியும் இருந்தாள். மகன் கை நன்றாக ஆறி இருந்தது. ஒரு புது ஆள், ரிவர்ஸ்டன் பக்கத்தவள், கண்டியில் வாங்கிய அதே மாதிரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கொடுத்தால் கரப்பான் போகுமா என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டாள். மிஸ் வாயைத் திறக்குமுன் சிவரூபினி, "அண்ணன்கிட்ட கேளுங்க, அவரு தங்கச்சி வெளிநாட்டுல அதத்தான் படிக்கிறாங்க" என்றாள். குத்தலாகச் சொன்னாளா, நேராகச் சொன்னாளா தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். "இதுல கிளையோட பேரும் இல்ல, எண்ணும் இல்ல. மொளகான்னு மட்டும் எழுதியிருக்கு, கொச்சிக்காயா கறிமொளகாயான்னு எழுதல. இத நம்பி நான் எம் புள்ளைக்குக் கிறீம நிறுத்தி, வார்டு வரைக்கும் கொண்டுபோனேன். நீங்க நிறுத்தாதீங்க" என்றேன்.

"அப்ப உங்க தங்கச்சி இவ்வளவு வருஷமா என்னதான் கண்டுபிடிச்சாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேல செய்யாதுன்னு கண்டுபிடிச்சா" என்றேன். "கம்பனிக்காரன் வேற மாதிரி எழுதச் சொன்னான். முடியாதுன்னுட்டா. அதுக்காக வேலையும் போச்சி. நம்ம லயத்துப் புள்ளதான்."

வரிசையில் யாரும் கை தட்டவில்லை. அந்தப் பெண் பெட்டியைப் பைக்குள் வைத்துவிட்டு, மிஸ்ஸிடம் தோல் டொக்டர் எந்த நாளில் வருவார் என்று கேட்டாள். சிவரூபினி எழுந்து எனக்கு உட்கார இடம் விட்டாள்.

இப்போது நுஹ்மான் நானாவுக்கும் சொல்லிவிட்டேன். அவர் கையை நெஞ்சில் வைத்து, "அல்ஹம்துலில்லாஹ், அப்பிடி ஒரு புள்ள வேணும்" என்றார்.

அடுத்த வேலை கிடைக்கும். பிறந்த பச்சைப் பிள்ளைகள் சாகாமல் காக்கிற கிளை என்று எழுதினாயே, அதில் சேரப் பார். கிடைக்கும் வரை இங்கே வந்து இரு, உன் அறையை மார்ஜரி பெருக்கி வைத்திருக்கிறாள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பூட்டைத் திறக்கிற அன்றே எனக்கு எழுது. "பலன் இருக்கிறது" என்று வந்தாலும் சரி, "இல்லை" என்று வந்தாலும் சரி, மறுநாள் காலையில் தம்புள்ளைக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோவது என் லொறிதான்.

என்றும் உன் பெருமைக்கார அண்ணன்
ரொமேஷ்